தலைக்கணக்கும் தெம்பும்: ரங்கூன் தமிழர்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

திருவாலங்காட்டுச் செப்பேடுகளைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற எவரும் இரண்டாவது வாக்கியத்திலேயே கடாரத்துக்குப் போய்விடுகிறார்கள். 31 ஏடுகள் கொண்ட இந்தச் சாசனத்தின் தமிழ்ப் பகுதி முதலாம் ராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பக்கத்திலிருக்கும் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த சேதியை அது சொல்கிறது. பெண்யானையை நடத்தி எல்லையைக் குறித்தது, வாய்க்கால், குளம், யாருடைய நிலத்தை ஒட்டி எந்த வரப்பு என்று ஏடு ஏடாக மண்ணைப் பற்றிய பேச்சு. கடாரம் வருவது சமஸ்கிருதப் பகுதியில். 1025ஐ ஒட்டிய கடற்படையெடுப்புக்குப் பிறகே அது எழுதிச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். அங்கும் ஓரிரு வரிதான். கடலைத் தாண்டிய படை, வெல்லப்பட்ட கடாகம், அவ்வளவோடு முடிந்தது.

இந்த ஓரிரு வரியின்மேல் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சொல்லாடல் ஒரு பெருங்கதையாடலையே எழுப்பியது. மேடைப் பேச்சு, பாடநூல், சரித்திர நாவல், சினிமா வசனம் எல்லாவற்றிலும் ‘கடல் கடந்த தமிழன்’ உலவினான். அவன் கையில் எப்போதும் வாள் இருக்கும். தலையில் மூட்டை இருக்காது. முக்கியமாக, அவன் திரும்பி ஓடிவர மாட்டான்.

படையெடுத்தவர்களைவிட, போன இடத்தில் தங்கியவர்களின் தடயம்தான் இங்கே கவனிக்கத்தக்கது. சுமத்ராவின் பாரூஸை அடுத்த லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது; ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழு வைத்தது. பர்மாவின் பகானில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று, மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் அங்கிருந்த நானாதேசி விண்ணகர ஆழ்வார் கோயிலுக்கு மண்டபம் கட்டிக் கொடுத்ததைச் சொல்கிறது. இவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. பெரிய கூட்டமாக இருந்திருக்க முடியாது. ஆனால் அந்நிய மண்ணில் தங்கள் பெயரைத் தங்கள் எழுத்தில் கல்லில் வெட்டி வைக்கிற தெம்பு இருந்திருக்கிறது.

ஆக, கேள்வி இதுதான். போன இடத்தில் ஒரு கூட்டம் எத்தனை பேராக இருக்கிறது என்பதற்கும் அதன் தெம்புக்கும் என்ன உறவு? ஆள் பெருத்தால் தைரியம் வரும் என்பது பொதுப்புத்தி. அந்தப் பொதுப்புத்தியை முழுசாகப் பொய்யாக்கிய ஓர் ஊர் ஆசியாவில் உண்டு. அது ரங்கூன்.

2

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபோது தண்டவாளம் திருவாலங்காட்டைத் தொட்டுக்கொண்டுதான் போயிற்று. சிவன் ஆடிய இரத்தின சபையைச் சேவிக்க வருகிறவர்களுக்காகப் போடப்பட்ட பாதை அல்ல அது. வடாற்காட்டின் உள்மண்ணைச் சென்னைத் துறைமுகத்தோடு இணைத்த பாதை. 1860இல் நேட்டாலின் கரும்புக் காட்டுக்குக் கப்பல் கிளம்பியதிலிருந்து வடாற்காடும் செங்கல்பட்டும் ஆள்கட்டிகளின் விளைநிலமாயின. மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். இலங்கைக்குக் கங்காணி கூட்டிப் போனான். பர்மாவுக்கு மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனான்.

பர்மாவுக்குப் போனவர்களில் தமிழர்களைவிடத் தெலுங்கர்கள் ரங்கூன் துறைமுகத்தில் அதிகம். கோதாவரிக் கழிமுகத்திலிருந்த கோரங்கித் துறையின் பெயரால் அவர்களைக் ‘கொரங்கி’ என்றார்கள். பிற்பாடு அது ஒரு வசைச் சொல்லாகவே ஆயிற்று. திருத்தணிப் பக்கத்து ஆளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. நிலத்தையே எந்த மொழிக் கணக்கில் எழுதுவது என்று ஐம்பது வருஷம் இழுபறி நடந்த ஊர்க்காரன் ரங்கூன் துறையில் இறங்கினால் யார்? தமிழனா, கொரங்கியா, மதராசியா? பர்மியர்களுக்கு அந்தக் குழப்பமே இல்லை. மேற்கேயிருந்து வந்தவன் எல்லாம் ‘கலா’. செட்டியும் கலா, தோட்டியும் கலா, சூலியா முஸ்லிமும் கலா, வங்காள குமாஸ்தாவும் கலா.

1931 சென்சஸ்படி ரங்கூனின் மக்கள்தொகை ஏறக்குறைய 4 லட்சம். அதில் இந்தியர்கள் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேல், அதாவது நூற்றுக்கு 53 பேர். பர்மியர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு நாட்டின் தலைநகரில் அந்த நாட்டுக்காரன் சிறுபான்மை. பர்மா முழுவதும் சேர்த்து இந்தியர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல், மொத்தத்தில் நூற்றுக்கு 7 பேர். 1920களின் பிற்பகுதியில் வருஷத்துக்கு 3 லட்சம், 4 லட்சம் என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். வந்தேறிகள் வந்து இறங்கும் துறைகளில் நியூயார்க்கோடு வைத்துப் பேசப்பட்ட துறை அது.

இந்த எண்ணை இப்போது கேட்கிற தமிழ் வாசகருக்கு உள்ளூர ஒரு பெருமிதம் தட்டும். அதை மறைக்க வேண்டியதில்லை. அப்படித் தட்டும்படிதான் நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். ஆனால் எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வருஷத்துக்கு 3 லட்சம் வந்தார்கள் என்றால் ஏறத்தாழ அதே அளவு திரும்பவும் போனார்கள். அறுப்புக்கும் அரிசி ஆலைக்கும் ஆள் தேவைப்படும் மாதங்களில் வருவது, இரண்டு மூன்று வருஷத்தில் கடனடைத்துவிட்டு, அல்லது அடைக்காமலே, ஊர் திரும்புவது. குளத்தில் எப்போதும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நின்றாலும் நேற்றைய தண்ணீர் இல்லை இன்றைக்கு இருப்பது. சென்சஸ் எண்ணியது குளத்தின் மட்டத்தை. ஒரு சமூகம் என்று சொல்லத் தேவையான பிறப்பு, கல்யாணம், சாவு, பக்கத்து வீட்டுச் சண்டை இவையெல்லாம் அந்த எண்ணுக்குள் மிகக் கொஞ்சமாகவே இருந்தன.

காரணம் வெளிப்படை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கூலி லாட்ஜுகளில் ஓர் அறைக்குள் முறைவைத்துத் தூங்கினார்கள். ரங்கூனில் 2 லட்சம் பேர் என்று எண்ணிய அதிகாரி, அந்த 2 லட்சத்துக்காக இந்தப் பக்கம் காத்திருந்த பெண்களை எண்ணவில்லை. எந்தக் குடிமதிப்பிலும் அவர்கள் ‘புலம்பெயர்ந்தோர்’ அல்ல. கணவன் கப்பலேறிப் போய், வேறொரு பட்டணத்தில் வேறொருத்தியை மணந்து குடித்தனம் நடத்திய கதையைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். காரைக்காலில் விடப்பட்ட அந்தப் புனிதவதி சதையை உதறிப் பேயுருவாகி வந்து சேர்ந்த இடம் இதே ஆலங்காடு. அவளைத் தெய்வமாக்கிவிட்டோம், சரி. ரங்கூன்காரன் பெண்டாட்டி என்று ஊரில் பெயர் வாங்கியவர்களை என்னவாக்கினோம்?

3

எண்ணுதல் ஓர் அதிகாரச் செயல்பாடு என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்சஸ், வரைபடம், அருங்காட்சியகம் மூன்றும் காலனிய அரசு தன் குடிகளைக் கற்பனை செய்துகொண்ட முறைகள் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் எழுதியது 1991இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பர்மாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து வெளியேறிய ஃபர்னிவால், ஜாவாவையும் பர்மாவையும் வைத்துப் ‘பன்மைச் சமூகம்’ என்ற கருத்தாக்கத்தை உருவாக்கினார். பல இனத்தார் ஒரே ஊரில் கலந்து நடமாடுகிறார்கள், ஆனால் ஒன்றாய்ச் சேர்வதில்லை. அவர்கள் சந்திக்கும் ஒரே இடம் சந்தை என்பது அவர் வாதத்தின் சாரம். சந்தையில் மட்டும் சந்திக்கிறவனுக்கு மற்றவன் விலையாகவே தெரிவான். கூலிக்கு இன்னொருவன் குறைவாக வந்தால் அவன் எதிரி. வட்டி வாங்குகிறவன் எப்போதுமே எதிரி.

இங்கே செட்டியார்களைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. 1929-30இல் பர்மாவில் விசாரணை நடத்திய வங்கிக் குழுவின் மதிப்பீட்டில் செட்டியார் கடைகள் ஏறத்தாழ 1,650. கடனாகச் சுற்றிய பணம் 65 முதல் 75 கோடி ரூபாய். ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடியில் உட்கார்ந்து எழுதிய பேரேடு ஐராவதி டெல்டாவின் நெல்லைத் தீர்மானித்தது. பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது கடன் வாங்கிய பர்மிய விவசாயி நிலத்தைக் கொடுத்தான். கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் செட்டியார் கைவசம் 1930இல் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1938 வாக்கில் 25 பங்கு. நிலம் வேண்டுமென்று அவர்கள் வரவில்லை, வராக்கடனுக்குப் பதிலாக வந்து சேர்ந்தது என்பது வாஸ்தவம். நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது?

செட்டியார் முதலாளி அனுப்பிய ஏஜெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தவணை இருந்துவிட்டுச் செட்டிநாட்டுக்குத் திரும்பினார். கூலிக்காரனும் இரண்டு மூன்று வருஷத்தில் திரும்பினான். ஒருவர் காரைக்குடியில் தேக்கு உத்தரம் வைத்து வீடு கட்டினார். மற்றவர் அடகு வைத்த கால் காணியை மீட்டார், அல்லது மீட்கவில்லை. வர்க்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம், சாதியிலும் அப்படித்தான். ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. இருவருடைய மனதும் ரங்கூனில் இல்லை. நகரத்தில் பாதிக்கு மேல் நாம் என்று எண்ணிக்கை சொல்லியது. நாளைக்குக் கிளம்ப வேண்டியவன் என்று ஒவ்வொருவனின் டிரங்குப் பெட்டியும் சொல்லியது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்ததுதான் ரங்கூன் தமிழனின் தெம்பு.

4

எண்ணிக்கை பெருத்தும் தெம்பு இல்லாத நிலைக்கு எதிர்முனையில், எண்ணிக்கையே இல்லாமல் தெம்போடு இருந்த ஒரு சின்னக் கூட்டமும் அதே ரங்கூனில் இருந்தது. நமது இலக்கிய வரலாறுகள் வெகுகாலம் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 முதல் 1914இல் அவர் மறையும்வரை ‘தமிழன்’ இதழை நடத்தினார். அந்தச் சங்கத்துக்கு வடாற்காட்டிலும் கோலார் தங்கவயலிலும் கிளைகள் இருந்தன. கடல் தாண்டி டர்பனிலும் ரங்கூனிலும் இருந்தன. மற்ற தமிழர்களுக்கு ரங்கூன் சம்பாதிக்கப் போன அந்நிய தேசம். அங்குள்ள விகாரையும் பிக்குவும் வேடிக்கைப் பொருள். தமிழ்ப் பௌத்தருக்கோ ஷ்வேதகோன் தன் பூர்வீக மதத்தின் கோபுரம். ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்க முடியாதவன் இங்கே செருப்புக் கழற்றிவிட்டு எல்லாரோடும் படியேறலாம். ஊரில் தன்னைத் தாழ்த்தியவனின் சரித்திரத்தையே தலைகீழாக வாசிக்கலாம். பக்கத்து வீட்டுப் பர்மியன் அவனுக்குப் போட்டிக் கூலி என்பதற்கு முன்னால் சகதர்மி.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பர்மியர் எல்லாரும் தமிழ்ப் பௌத்தரை மார்போடு அணைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது வேறு. தெம்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் கிடைக்கிறது. நம்மாட்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதால் அது வருவதில்லை. இந்த மண்ணோடும் இங்கிருப்பவனோடும் எனக்கு ஒரு சொந்தம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு கதை வேண்டியிருக்கிறது. பகானில் மண்டபம் கட்டிய நம்பிக்கு அது விஷ்ணு, பண்டிதரின் ஆட்களுக்குப் புத்தர். 2 லட்சத்துக்கு அப்படி ஒரு கதை இல்லாமல் போயிற்று.

5

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கப்பல் கம்பெனி ஏஜெண்டுகள் பர்மியர்களை வேலைக்கு எடுத்தார்கள். பிறகு கூலிகளோடு சமரசம் ஆனதும் பர்மியர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். மே 26 அன்று கலவரம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்; செத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். லாட்ஜுகளுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இதைக் கேட்கிற இளைஞர்கள் உடனே கேட்பார்கள்: “இவ்வளவு பேரு இருந்தும் ஏன் சார் அடி வாங்கினாங்க?” எண்ணிக்கையின் மாயை இதுதான். 53 பேரும் சேர்ந்து 53 அல்ல. மேஸ்திரிக்கு மேஸ்திரி தனி, லாட்ஜுக்கு லாட்ஜ் தனி, சாதிக்குச் சாதி தனி. பெரிய எண் அவர்களுக்குத் தெம்பாகப் பயன்படவில்லை. பர்மிய தேசியவாதியின் மேடையில் பயமாகப் பயன்பட்டது. ‘நம் தலைநகரில் நாமே சிறுபான்மை’ என்ற வாக்கியத்தை எழுதிக் கொடுத்தது சென்சஸ். வெள்ளைக்காரனின் கம்பெனியும் கப்பலும் அந்த வாக்கியத்தில் இல்லை. கலா மட்டும் இருந்தான்.

1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரே ராத்திரியில், உள்நாட்டுக்குள் இடம் மாறிய கூலி வெளிநாட்டான் ஆனான். 1938 ஜூலையில் மறுபடி கலவரம். பர்மிய முஸ்லிம் ஒருவர் எழுதிய புத்தகம் பௌத்தத்தை இழிவுபடுத்துகிறது என்று ஷ்வேதகோனில் கூட்டம் நடந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலம் கடைத்தெருவுக்குள் புகுந்தது. இந்தியர் குடியேற்றத்தை ஆராய பாக்ஸ்டர் நியமிக்கப்பட்டார். ‘இவர்கள் எத்தனை பேர், இன்னும் எத்தனை பேர் வரலாம்’ என்பது மறுபடியும் அரசின் கேள்வி. அறிக்கையை ஒட்டி 1941இல் குடியேற்ற ஒப்பந்தம் போட்டார்கள். மை காய்வதற்குள் குண்டு விழுந்தது.

6

ஆங்கிலேயர் ‘மொரேல்’ என்பது அடிப்படையில் ஒரு பட்டாளத்துச் சொல். சிப்பாய் ஓடாமல் நிற்கிறானா என்பதே அதன் அளவுகோல். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. 25 அன்று மறுபடியும். கூலிகள் பாதுகாப்புக் குழி இல்லாத துறைமுகத்திலும் திறந்த தெருவிலும் செத்தார்கள். மறுநாளே பல்லாயிரம் பேர் புரோம் சாலையில் வடக்கே நடக்கத் தொடங்கிவிட்டார்கள். இவர்களில் கணிசமானவர்களை அரசாங்கம் நல்ல வார்த்தை சொல்லித் திருப்பிக் கூட்டிவந்தது. கப்பலில் சரக்கு இறக்க வேண்டும், மலக்கூடம் கூட்ட வேண்டும், பிணம் எடுக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் ஓர் உண்மை நகரத்துக்கு உறைத்தது. தோட்டியும் துறைமுகக் கூலியும் போய்விட்டால் ரங்கூன் என்ற ஊரே இல்லை. இந்த வலிமை அவர்களிடம் அறுபது எழுபது வருஷமாக இருந்தது. அவர்கள் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. கிளம்பியபோது மட்டும் தெரிந்தது. 1930இல் அந்த வேலைநிறுத்தம் பர்மியத் தொழிலாளியையும் சேர்த்துக்கொண்டு நடந்திருந்தால் என்று ஒரு கணம் யோசிக்கத் தோன்றுகிறது. ஆனால் சந்தையில் மட்டுமே சந்தித்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பேச்சுக்கான மொழிகூட இல்லை.

1942இன் முதல் பாதியில் இந்தியாவை நோக்கிக் கிளம்பியவர்கள் 4 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை இருக்கலாம். பெரும்பாலோர் கால்நடையாக. அரக்கான் வழியில் காலரா, தமு - இம்பால் வழியில் பசியும் மழையும். வழியில் செத்தவர்களை ஹியூ டிங்கர் என்ற வரலாற்றாசிரியர் 10,000 முதல் 50,000 வரை என்று மதிப்பிட்டார். இந்த இடைவெளியைக் கவனியுங்கள். ரங்கூனில் உழைக்கும்போது ஒற்றைத் தலை பிசகாமல் எண்ணத் தெரிந்த ஏகாதிபத்தியத்துக்கு, சாகும்போது ஐந்து மடங்கு வித்தியாசத்தில்தான் எண்ண முடிந்தது. நடைவழியிலும் வெள்ளையர்க்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பேர் வந்தது. எந்தப் பாதையில் அரிசியும் கூடாரமும் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

நடந்தவர்களில் வெ. சாமிநாத சர்மாவும் ஒருவர். வடாற்காட்டு வெங்களத்தூரில் பிறந்தவர். 1930களில் ரங்கூன் போய், 1937 முதல் அங்கிருந்து ‘ஜோதி’யை நடத்தினார். பிளேட்டோவையும் ரூஸோவையும் தமிழில் வாசிக்கக் கொடுத்தவர் மனைவி மங்களத்தோடு மலை ஏறி இறங்கி வந்து சேர்ந்தார். அதைப் புத்தகமாகவும் எழுதினார். நடந்த லட்சக்கணக்கானோரில் எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘மா-னீ’ நாவலை விட்டால் பர்மாவின் போர்க்கால வாழ்வைத் தமிழ்ப் புனைகதை தீவிரமாக எதிர்கொண்டது சொற்பம். 1952இன் ‘பராசக்தி’யில் ரங்கூன் இருக்கிறது, ஆனால் அது தமிழ்நாட்டின் மனசாட்சியை உலுக்கக் கதையிலிருந்து ஓடிவந்தாக வேண்டிய ஓர் ஊர், அவ்வளவே. தாயகம் நிராகரித்த அகதி என்ற விஷயத்தைப் படம் சரியாகப் பிடித்துக்கொண்டது. பர்மியன் யார், அவனுக்கு என்ன கோபம் என்பதைப் படமும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

7

திரும்பவும் போனவர்கள் இருக்கிறார்கள். போகாமலே அங்கே தங்கியவர்களும் இருக்கிறார்கள். 1948இல் பர்மா சுதந்திரமடைந்ததும் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகுதி இருந்தும் விண்ணப்பித்தவர்கள் குறைவு. டிரங்குப் பெட்டி மனசு மாறவில்லை என்றும் சொல்லலாம், காகிதம் என்பது இவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று மூட்டை தூக்குகிறவனுக்கு எவரும் சொல்லவில்லை என்றும் சொல்லலாம். 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாக்கப்பட்டன. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. இந்தத் தடவை கப்பல் வந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒண்ணேகால் லட்சம் பேருக்கு மேல் திரும்பினார்கள்.

வந்தவர்களுக்குச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கெதிரே நடைபாதைக் கடை கிடைத்தது. பர்மா பஜார் ஆயிற்று. வியாசர்பாடியில் குடியிருப்பு கிடைத்தது. அத்தோவும் மொய்ங்காவும் அவர்களோடு வந்தன. ஊருக்கு வந்த பிறகு இவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘பர்மாக்காரன்’. அங்கே கலா, இங்கே பர்மாக்காரன்.

ஒரு சிறு கூட்டம் இதைப் பொறுக்க மாட்டாமல் நடந்தே பர்மாவுக்குத் திரும்பப் பார்த்தது. மணிப்பூர் எல்லையில் மோரேயில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கியது. இரண்டு தேசத்துக்கும் நடுவில் ஒரு தமிழ்த் தெரு. அங்காளபரமேஸ்வரி முனீஸ்வரர் கோயில் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், பர்மிய மொழியும் மெய்தெய்யும் பேசி எல்லை வியாபாரம் செய்தார்கள். ஒரு காலத்தில் பல்லாயிரமாக இருந்தவர்கள் 1990களின் குக்கி - நாகா மோதல்களுக்குப் பிறகு சில ஆயிரமாகச் சுருங்கினார்கள். 2023 மே மாதத்து வன்முறையில் அங்கே தமிழர் வீடுகளும் எரிந்தன. சண்டை அவர்களுடையது அல்ல. ஆனால் நெருப்புக்கு முகவரி தெரியாது. அப்படியும் அந்தச் சில ஆயிரத்தில் ஒரு பகுதி அங்கேயே இருக்கிறது. பக்கத்து வீட்டானின் மொழி தெரியும், அவனுடைய சாவுக்குப் போயிருக்கிறார்கள், தங்கள் பிணங்களையும் அந்த மண்ணில்தான் புதைத்திருக்கிறார்கள். 1931இல் 2 லட்சத்துக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது.

யாங்கோனில் எஞ்சியவர்களின் கதை இன்னும் சிக்கலானது. 1960களில் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் படிப்பு நின்றது. 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மனிதர்களைப் படிநிலையாக வகுத்தது. பர்மியப் பெயர், பர்மிய உடை, வீட்டிலும் பர்மிய மொழி. ஆனால் தீமிதி நடக்கிறது. பர்மிய பௌத்தர்களும் வந்து நேர்ந்துகொள்கிறார்கள். ‘அழிந்துவரும் தமிழ்’ என்று நாம் கண்ணீர் விடலாம். முந்தைய தலைமுறை செய்யாததை, அதாவது அந்த ஊரில் வாழ்வதை, இவர்கள் செய்திருக்கிறார்கள் என்றும் வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் வேண்டும். மொழியைக் கைவிடாமல் தங்க முடிகிற ஒரு வழியை எந்த அரசும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

8

இதெல்லாம் இப்போது எதற்கு? ரங்கூனை நாம் இதுவரை இரண்டு விதமாகத்தான் நினைத்திருக்கிறோம்: பெருமையாக, அல்லது இழப்பாக. ‘உலகமெங்கும் இத்தனை கோடித் தமிழர்’ என்று மாநாட்டு மேடையில் எண் சொல்லப்படும்போது கைதட்டல் விழுகிறது. வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு நிற்கிறவனும் அந்தக் கோடியில் ஒரு தலை. அவனுக்குத் தெம்பு இருக்கிறதா என்பது அந்த மேடையின் கேள்வி அல்ல. அவனை எண்ணுகிறவன் வேறு, அவன் வேறு.

மூன்றாவதாக ஒரு நினைவும் நமக்குத் தேவைப்படுகிறது. அது பர்மியனின் இடத்தில் இருந்து பார்க்கிற நினைவு. ஏனென்றால் அந்த இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம். திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவரப்பட்டவர்கள் கல் அறுக்கிறார்கள். கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. மேஸ்திரி, முன்பணம், பருவத்துக்கு வருவது, பருவம் முடிந்து போவது, மொழி தெரியாதது, ஓர் அறையில் பத்துப் பேர்: பட்டியலில் ஒரு வரியும் மாறவில்லை. பர்மியர்கள் ‘கலா’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடைத்ததுபோல நம்மிடமும் ‘வடக்கன்’ என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது. பீகாரியும் அதுதான், ஒடியாவும் அதுதான், அசாமியும் அதுதான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. தாக்குதல் நடக்கவில்லை, வதந்திதான். ஆனால் வதந்தியைக் கேட்டதும் மூட்டை கட்டி ரயிலடிக்குப் போகிற மனநிலை முன்கூட்டியே அவர்களிடம் இருந்தது. லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், தெம்பு அவ்வளவுதான்.

‘இவங்க எத்தனை பேரு வந்துட்டாங்க தெரியுமா?’ என்று டீக்கடையில் கேட்கிறவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் வேலை இல்லை, அவன் கூலியும் ஏறவில்லை. 1930இல் துறைமுக வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பர்மியனும் கெட்டவன் இல்லை. ஆனால் அவனை வாசலுக்குக் கூப்பிட்டவர்களையும் திருப்பி அனுப்பியவர்களையும் அவன் எண்ணவில்லை. எண்ணுவதற்கு எளிதானவர்களைத்தான் எண்ணினான். நமது சிறுபத்திரிகைகளும் தொழிற்சங்கங்களும் தமிழ் அமைப்புகளும் இன்று செய்ய வேண்டிய கணக்கு அதுதான்: சூளையில் எத்தனை தலை என்பதல்ல, சூளை யாருடையது, முன்பணம் யார் கொடுத்தது, அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்பது. பழையனூர் எல்லையைக் குறித்தவர்கள் வரப்பு வரப்பாக நடந்து, எந்த நிலம் யாருடையது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கடாரத்தை விட்டுவிட்டு அந்தப் பகுதியை நாம் வாசிக்கத் தொடங்கலாம்.